வெளியாளுக்கு ஒரு பெயர்

2019-இல், அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிளையில், ஒரு மனிதருக்குச் சால்வை போர்த்தி, "இவர் நம்மில் ஒருவர்" என்று நாலு வார்த்தை பேசினேன். கிளையில் எது நடந்தாலும் பேசச் சொல்லி என்னைத்தான் எழுப்பிவிடுவார்கள். சிறுபத்திரிகைகளில் எழுதுகிறவன் என்பதற்கு அங்கே கிடைத்த ஒரே பலன் அது. பேசிவிட்டு உட்கார்ந்ததும், நான் சொன்னதை ஏற்கனவே எங்கேயோ கேட்டிருப்பதாகத் தோன்றியது. ராத்திரி வீட்டில் அலமாரியைக் குடைந்து டோல்கீனை எடுத்தபோதுதான் எங்கே என்று தெரிந்தது.

டோல்கீன் என்றதும் முகம் சுளிக்கிற நண்பர்கள் நம் வட்டத்தில் உண்டு. குட்டிச்சாத்தான் கதை என்றார் ஒருவர், நல்ல கவிஞர். அவருக்குப் பதிலாக இதை எழுதவில்லை. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகங்களில் (1954-55) வரும் யுத்தங்கள் எனக்கும் அலுப்புத்தான். பி.ஏ. படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் முதல் பாகம் மட்டும் கிடைத்தது. பாடத்தில் வராது என்று ஆசிரியர் சொன்னதே வாசிக்கப் போதுமான காரணமாக இருந்தது. அடுத்த இரண்டு பாகங்கள் கைக்கு வர நாலு வருஷம் ஆயிற்று. அந்த நாலு வருஷமும் கதை பாதியில் நின்றதால்தானோ என்னவோ, முதல் பாகத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு சொல் மட்டும் மனசில் தங்கிவிட்டது. எல்ஃப்-நண்பன்.

எல்ஃப் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? யக்ஷர் என்றால் புதையல் காக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். கந்தர்வர் என்றால் உடனே ஒரு கல்யாணம் ஞாபகம் வருகிறது. டோல்கீனின் எல்ஃபுகள் மனிதர்களுக்கு மூத்தவர்கள். கொல்லப்படலாம், துக்கத்தில் கரைந்துபோகலாம், ஆனால் மூப்பினால் சாவதில்லை. அழகு, பாட்டு, நீண்ட ஞாபகம், கொஞ்சம் கர்வம். எல்ஃப் என்றே விட்டுவிடுகிறேன். நண்பன் என்ற பாதிதான் எனக்கு வேண்டியது.

ஃப்ரோடோ ஹாபிட் இனத்தவன். மனிதனில் பாதி உயரம். கையில் ஓர் ஆபத்தான மோதிரம். கறுப்புக் குதிரைவீரர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறார்கள். ராத்திரி, காட்டு வழி. அப்போது பாடிக்கொண்டே ஓர் எல்ஃப் கூட்டம் வருகிறது. உங்களோடு வரட்டுமா என்று கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள்: எங்களுக்கு வேறு துணை வேண்டாம், ஹாபிட்டுகளோ சுவாரஸ்யமில்லாதவர்கள். கறுப்பு வீரர்களைப் பற்றிக் கேட்டதும்தான் சிரிப்பு நிற்கிறது. கூட வர அனுமதி கிடைக்கிறது. ஃப்ரோடோ அவர்களுடைய பழைய மொழியில் ஒரு வணக்கம் சொல்கிறான். தலைவன் கில்டோர், ஜாக்கிரதை, இங்கே நம் மொழி தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்று தன் ஆட்களுக்கு வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, எல்ஃப்-நண்பனே என்று அவனைக் குனிந்து வணங்குகிறான். முதல் தடவை அது விருந்தாளிக்குச் செய்யும் உபசாரம். விருந்து, தூக்கம், நடுவில் ஒரு பேச்சு. அந்தக் கறுப்பு வீரர்கள் யார் என்று ஃப்ரோடோ கேட்கிறான். அவனுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். கில்டோர் சொல்வதில்லை. எதிரியின் ஆட்கள், விலகி ஓடு, அவ்வளவு போதும் என்கிறான். யோசனை கேட்டு எல்ஃபுகளிடம் போனால் ஆமாம் என்றும் இல்லை என்றும் சேர்த்தே சொல்வார்கள் என்று ஹாபிட்டுகளிடையே ஒரு பழமொழி இருப்பதை ஃப்ரோடோ ஞாபகப்படுத்துகிறான். பேச்சு முடிந்து, தூங்கப் போகும் முன், கில்டோர் இந்தத் தடவை வேடிக்கையாக அல்லாமல், முறைப்படி, அவனுக்கு எல்ஃப்-நண்பன் என்று பெயர் வைக்கிறான்.

பதினெட்டு வயதில் எனக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது. முப்பதை நெருங்கும்போது, சால்வை போர்த்திய அந்த ராத்திரி, வேறொன்று கண்ணில் பட்டது. கேட்ட விஷயம் கிடைக்கவில்லை, பட்டம் கிடைத்தது. இரண்டும் ஒரே பேச்சில், ஒரே வாயிலிருந்து.

கில்டோரைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமில்லை. பயந்து பயணத்தையே விட்டுவிடுவானோ என்றுதான் மறைக்கிறான். அதையும் சொல்லியே மறைக்கிறான். சேதி அனுப்புகிறேன் என்றவன் அனுப்பவும் செய்கிறான். அது போய்ச் சேர்ந்ததால்தான் பின்னால் க்ளோர்ஃபிண்டல் குதிரையோடு தேடி வருகிறார். பட்டமும் வெறும் வார்த்தையாக நிற்பதில்லை. சில நாள் கழித்து வேறொரு வீட்டில் கோல்ட்பெரி என்ற பெண், யாரும் சொல்லாமலே, ஃப்ரோடோவின் கண்ணையும் குரலையும் வைத்து இவன் எல்ஃப்-நண்பன் என்று கண்டுகொள்கிறாள். பட்டம் ஆளுக்குள் இறங்கிவிட்டது. ஆனாலும் ஒரு விஷயம் இருக்கிறது. எந்த எல்ஃபுக்கும் எல்ஃப்-நண்பன் என்று பெயரில்லை. வெளியே நிற்பவனுக்குத்தான் அது தேவைப்படுகிறது. நீ எங்களில் ஒருவன் என்று சொல்லும்போதே, அப்படிச் சொல்லவேண்டியிருக்கிற ஆள் நீ என்றும் சொல்லியாகிவிடுகிறது.

இந்தப் பட்டத்தின் சரித்திரம் ஃப்ரோடோவுக்கு முந்தியது. 'தி ஹாபிட்' (1937) நாவலில் பில்போ, எல்ஃப் அரசனின் மாளிகையில் மோதிரத்தின் மாயத்தில் கண்ணுக்குத் தெரியாமல் திரிந்து, திருடித் தின்று, அங்கே அடைபட்டிருந்த பதின்மூன்று குள்ளர்களையும் பீப்பாய்களில் வைத்துக் கடத்திவிடுகிறான். கடைசியில், தின்றதற்கு ஈடாக, அதே அரசனிடம் ஒரு முத்தாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அரசன் அவனுக்குப் பட்டம் தருகிறான். எனக்கு மிகவும் பிடித்த எல்ஃப்-நண்பன் இந்தத் திருடன்தான். ஒன்று கவனிக்கவேண்டும்: அதற்கு முன் பில்போ, சண்டையைத் தவிர்ப்பதற்காக, குள்ளர் தலைவன் உயிராக மதித்த மணிக்கல்லை எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அங்கே நண்பன் ஆவதற்கு இங்கே கொஞ்சம் வெளியாள் ஆகவேண்டியிருக்கிறது. ஊருக்குத் திரும்பினால் அவன் ஒரு மாதிரியான ஆள் என்று பேச்சு. (இலக்கியக் கூட்டத்தில் என்னை பாங்க்காரர் என்றும், பாங்க்கில் என்னைக் கவிஞர் என்றும் அறிமுகப்படுத்துகிறார்கள். நான் கவிதை எழுதினதில்லை.)

பின்னால் எல்ரோண்டின் சபையில் ஃப்ரோடோ மோதிரத்தைச் சுமக்க ஒப்புக்கொள்ளும்போது, பழைய பெரும் எல்ஃப்-நண்பர்கள் வரிசையில் உனக்கும் இடம் உண்டு என்கிறார் எல்ரோண்ட். ஹாதோர், ஹூரின், டூரின், பெரென் என்று பெயர்களும் சொல்கிறார். நாவலை மட்டும் வாசித்தவனுக்கு அவை காதுக்கு இனிமையான வெறும் பெயர்கள். ஆசிரியர் இறந்தபின் 1977-இல் வெளிவந்த 'தி சில்மரில்லியன்' வாசித்தால் அந்த வரிசை எவ்வளவு பயங்கரமானது என்று தெரியும். ஹூரின் சிறுவயதில் கோண்டோலின் என்ற ரகசிய நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டவன். பார்த்ததைச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து வெளியே வந்தவன். சித்திரவதையிலும் அதைக் காட்டிக்கொடுக்காமல் இருபத்தெட்டு வருஷம் எதிரியிடம் கைதியாக இருந்தான். விடுதலையானபின், மூடிக்கிடக்கும் மலையின் முன் நின்று, உள்ளே இருக்கும் அரசனின் பெயரைச் சொல்லி, என்னைக் கேட்கவில்லையா என்று கதறுகிறான். ஒற்றர்கள் கேட்கிறார்கள். நகரம் இருக்கும் திக்கு எதிரிக்குத் தெரிந்துபோகிறது. இருபத்தெட்டு வருஷ மௌனத்தால் காத்ததை நட்பின் ஒரு கூப்பாடு அழிக்கிறது. அவன் மகன் டூரினோ, தன்னை விடுவிக்க வந்த பெலெக் என்ற எல்ஃபையே இருட்டில் எதிரி என்று நினைத்து வெட்டிவிடுகிறான். எதிர்ப்பக்கமும் விலை கொடுக்கிறது: பெரெனின் அப்பனுக்குக் கொடுத்த வாக்குக்காக, ஃபின்ரோட் என்ற எல்ஃப் அரசன் ஒரு சிறைக்குழியில் ஓநாயோடு வெறுங்கையால் போராடிச் சாகிறான். எல்ரோண்ட் இந்த வரிசையில் உட்கார் என்று சொன்னது ஆசீர்வாதமா எச்சரிக்கையா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

ஒரு ஜனக்கூட்டம் முழுவதும் இந்தப் பெயரை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நூமெனோர். யுத்தத்தில் எல்ஃபுகளுக்குத் துணை நின்ற மனிதர்களுக்குப் பரிசாகக் கிடைத்த தீவு அது. எல்லாம் உண்டு, ஒரு தடை மட்டும். மேற்கே தங்கள் கரை கண்ணுக்கு மறையும் தூரம்வரை கப்பலோட்டக்கூடாது. மேற்கில்தான் சாவில்லாதவர்களின் நாடு. எல்ஃபுகள் பறவைகள், பூக்கள், செடிகளோடு இவர்களைப் பார்க்க வருவார்கள். இவர்கள் பதிலுக்குப் போகக்கூடாது. போக்குவரத்து ஒரு திசையில் மட்டும் இருக்கிற நட்பு. தடைக்குக் காரணம் நல்லதாகவே சொல்லப்படுகிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கடற்கரையில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காரணம் போதவில்லை. கசப்பு ஏறுகிறது. எல்ஃப் மொழி பேசினாலே தண்டனை என்று ஒரு ராஜா சட்டம் போடுகிறான். எல்ஃப்-நண்பர்கள் என்ற பழைய பெயரை விடாத சிறுபான்மையை மேற்குக் கரையிலிருந்து கிளப்பிக் கிழக்கே குடியேற்றுகிறார்கள். இரண்டாம் யுகம் 3319-இல் தீவே கடலுக்குள் போகிறது. தப்பின ஒன்பது கப்பல்களின் தலைவன் பெயர் எலெண்டில். அந்தப் பெயருக்கு எல்ஃப்-நண்பன் என்றே பொருள் கொள்ளலாம்.

எலெண்டில் என்ற பெயரில் இருக்கும் விகுதியைப் பற்றி டோல்கீன் 1967-இல் எழுதிய ஒரு கடித வரைவில் விளக்கியிருக்கிறார். அவர் உருவாக்கிய மொழியில் 'ந்தில்' என்று முடிந்தால், ஒன்றை அதற்காகவே, வேறு லாபம் கருதாமல் நேசிக்கிறவன். 'ந்தூர்' என்று முடிந்தால், அதற்கு ஊழியம் செய்கிறவன். முன்னவனுக்கு அது பிரியம், பின்னவனுக்கு அது உத்தியோகம். நண்பனுக்கும் வேலைக்காரனுக்கும் நடுவில் ஒரு விகுதி வித்தியாசம். இலக்கணத்தில் இவ்வளவு துல்லியமாகப் பிரிகிறது. கிளை அலுவலகத்தில் பிரிவதில்லை.

அவருக்கு வருவேன். அதற்கு முன் கிம்லி என்ற குள்ளனைச் சொல்லவேண்டும். எல்ஃபுகளுக்கும் குள்ளர்களுக்கும் பழம்பகை. லோத்லோரியன் காட்டின் எல்லையில், குள்ளன் மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வரலாம் என்கிறார்கள் காவலர்கள். கிம்லி மறுக்கிறான், கை கோடரிக்குப் போகிறது. ஆரகோர்ன் ஒரு வழி சொல்கிறான்: எல்லோர் கண்ணையும் கட்டுங்கள், எல்ஃபாகிய லெகோலஸ் உட்பட. லெகோலஸுக்குக் கோபம் வருகிறது. சொந்த இனத்தார் காட்டில் எனக்குக் கண்கட்டா? கிம்லி சிரிக்கிறான், லெகோலஸ் கண்ணைக் கட்டினால் போதும், மற்றவர்களைக் கட்டவேண்டியதில்லை என்கிறான். கடைசியில் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டே நடக்கிறார்கள். பல வருஷம் கழித்து லெகோலஸ் கப்பலில் மேற்கே போகும்போது கிம்லியும் கூடப் போனதாக ஒரு செய்தி அனுபந்தத்தில் இருக்கிறது. அந்த நட்பு அந்தக் கண்கட்டில் தொடங்கியது என்றுதான் நினைக்கிறேன். யாரும் கிம்லியைப் பார்த்து நீ எங்களில் ஒருவன் என்று சொல்லவில்லை. தங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். மொத்தப் புத்தகத்திலும் பட்டத்தைவிடப் பெரிய காரியமாக எனக்குப் படுவது இது. நாங்கள் செய்யாமல் விட்டதும் இதுதான்.

அவர் கிளையில் தினக்கூலி. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்பது வருஷம் இருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்குவது அவர். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, ஒன்று மேனேஜரிடம், ஒன்று ஹெட் கேஷியர் பொறுப்பிலிருந்த என்னிடம். இரண்டும் சேர்ந்துதான் திறக்கும். ஆனால் உள்ளேயிருந்து கட்டுகளைத் தூக்கிவந்து கவுண்டரில் வைப்பது அவர். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு வந்த வாரங்களில் ராத்திரி பதினோரு மணிவரை பழைய நோட்டு மூட்டைகளுக்கு நடுவில் எங்களோடு நின்றார். ஒரு நோட்டு குறைந்ததில்லை. எங்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்ததைவிட அவர்மேல் நம்பிக்கை அதிகம்.

அவர் கூலிக்குத் தினமும் வவுச்சர் எழுதுவது என் வேலை. அன்றைக்கு நடப்பிலிருந்த 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 240 நாள் என்று ஒரு கணக்கு இருந்தது. பன்னிரண்டு மாதத்தில் அத்தனை நாள் வேலை பார்த்தவரை நினைத்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. நோட்டீஸ், நஷ்டஈடு என்று வரும். அதனால் சில நாள் அவர் பெண்சாதி பெயரில் வவுச்சர், சில நாள் மச்சினன் பெயரில், சில நாள் எனக்கு முகம் தெரியாத யாரோ ஒருவர் பெயரில். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் எழுதினார், நானும் எழுதினேன். பின்னால் அவர் பெயர் வருவதே நின்றுபோயிற்று. அழகாகக் கையெழுத்துப் போடத் தெரிந்தவர், பெண்சாதி பெயருக்கு நேரே பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு போவார். நான் அந்தச் சமயங்களில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

டோல்கீன் 1936-37-இல் தொடங்கிப் பாதியில் விட்ட 'தி லாஸ்ட் ரோட்' என்ற கதை (1987-இல்தான் அச்சானது) ஒரே அர்த்தமுள்ள பெயர்கள் காலந்தோறும் திரும்பத் திரும்ப வருவதைப் பற்றியது. ஆல்ஃப்வினெ என்பது நிஜமாகவே பழைய ஆங்கிலத்தில் இருந்த பெயர். எல்ஃப்-நண்பன் என்றே அர்த்தம். அவருடைய பழைய குறிப்புகளில் ஆல்ஃப்வினெ கடல் கடந்துபோய், எல்ஃபுகளின் கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறான். பின்னால் அந்த வேலை பில்போவுக்குப் போகிறது. அதாவது எல்ஃப்-நண்பன் கடைசியில் ஒரு எழுத்தர். அவன் எழுதிவைக்கவில்லையென்றால் உள்ளே நடந்ததற்கு வெளியே சாட்சி கிடையாது. எழுத்தர் என்ற சொல்லை இவ்வளவு உயரத்தில் வைத்தவர்கள் குறைவு. எனக்கு அது கூச்சமாக இருக்கிறது. இருக்கவேண்டியதுதான்.

2019-இல் தினக்கூலிகளை நிறுத்திவிட்டு ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் டீ, மிக்சர், சால்வை, ஒரு எவர்சில்வர் குடம். நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், ஒரு கிளார்க் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு லெட்டர் மட்டும் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும் சார். ஒம்பது வருசம் இங்க வேல பாத்தேன்னு. வேற எடத்துல கேட்டாக்க காட்டலாம்."

மேனேஜர் நல்ல மனிதர். "பாக்கலாம்ப்பா, மேலே கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். எழுதித் தரமுடியாது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். வவுச்சர்களில் இருந்தது வேறு யார் யாரோ. லெட்டர் கொடுத்தால் அந்த வவுச்சர்கள் என்னவாகும்? என் சொந்தப் பொறுப்பில் ஒரு வெள்ளைத்தாளில் நான் எழுதித் தந்திருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை என்று சொல்ல ஆசை. தோன்றியது.

டோல்கீனில் ஒரு கதவு வருகிறது. மோரியா என்ற சுரங்கத்தின் மேற்கு வாசல்; குள்ளன் ஒருவனும் எல்ஃப் ஒருவனும் சேர்ந்து செய்தது, இரண்டு இனங்களும் சிநேகமாக இருந்த காலத்தில். திறக்கிற மந்திரம் கதவின்மேலேயே எழுதியிருக்கிறது. 'நண்பன்' என்ற எல்ஃப் மொழிச் சொல், 'மெல்லோன்', அதைச் சொன்னால் திறக்கும். காண்டால்ஃப் போன்ற மேதாவிக்கே அது புரிய வெகுநேரம் ஆகிறது. இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எங்கள் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. புது ஆள் இழுத்தான், நாங்கள் இழுத்தோம். வாசலில் ஜனம் சேர்ந்துவிட்டது. கடைசியில் மேனேஜர் அவருக்கே போன் போட்டார். இருபது நிமிஷத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். இடது ஓரத்தில் காலால் ஒரு தட்டு, இரண்டு கையாலும் ஒரு தூக்கு. ஏறிவிட்டது. "உள்ள வாங்கண்ணே, டீ சாப்பிட்டுப் போலாம்" என்றேன். "இல்ல தம்பி, ஆட்டோ நிக்குது" என்றார். ஒன்பது வருஷமும் என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். என் இடத்துக்குப் போய் வவுச்சர் புத்தகத்தை எடுத்து, தேதி போட்டு, போக்குவரத்துச் செலவு ரூபாய் 50 என்று எழுதி, பெறுபவர் என்ற இடத்தில் அவர் பெயரையே, இன்ஷியலோடு, எழுதினேன். கையெழுத்து வாங்க அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஆட்டோ போய்விட்டிருந்தது.